பட்டு நூலும் பயமும்

சீனம் வளர்கிறது, வல்லரசுகள் அஞ்சுகின்றன! 2017-இல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீனர் கைக்குப் போயிற்று. 2022-இல் 'யுவான் வாங் 5' கப்பல் அங்கே வந்து நின்றது. டில்லி பதறியது.

ஐயம்பேட்டை நெசவாளத் தோழருக்கோ, சீனம் கப்பலாக வரவில்லை, நூலாக வந்தது! கச்சாப் பட்டு உற்பத்தியில் உலகில் சீனம் முதலிடம், இந்தியா இரண்டாமிடம். மலிவு விலைச் சீனப் பட்டைத் தடுக்க, 2003-இல் மத்திய அரசு குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. பட்டுப்புழு வளர்க்கும் உழவருக்கு அது வேலி. நூலை விலைக்கு வாங்கி நெய்பவருக்கோ, நூல் விலை ஏறினால் அதுவே முள்!

1962-இல் சீனப் படை எல்லை தாண்டியபோது, காஞ்சி தந்த அண்ணா நாட்டின் பக்கம் நின்றார். 1963-இல் திராவிட நாடு கோரிக்கையையே கைவிட்டார். அது அச்சமல்ல, பொறுப்பு.

இன்று நம் பொறுப்பு என்ன? சீனத்தை ஏசுவதா? ஏசினால் தறி ஓடுமா? தருமபுரியிலும் ஓசூரிலும் மல்பெரித் தோட்டம் பெருகட்டும். சீன நூலுக்கு நிகரான நூல் இங்கேயே, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கட்டும். நெய்பவர் கூலி உயரட்டும். உழவருக்கும் நெசவாளருக்கும் ஒருசேர வாழ்வு வேண்டும் என்கிறோம் நாம். தறி நிமிர்ந்தால், அச்சம் தானே ஓடும்!