முசிரிக்கு ஜலதோஷமா?

மனிதனுக்குத் தொண்டை கட்டினால் மிளகுக் கஷாயம் உண்டு. இசைத்தட்டுக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்வது? சென்ற மார்கழியில் ஸ்ரீரங்கத்திலுள்ள நமது இல்லத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. முசிரி சுப்பிரமணிய ஐயரின் பழைய தட்டு சுழன்றுகொண்டிருந்தது. கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த அன்னையார் நிமிர்ந்து, "ஏண்டாப்பா, முசிரிக்கு ஜலதோஷமா?" என்றார்.

நமது தகப்பனார் விட்டுச் சென்ற தட்டுக்கள் இருவகை. முதலாவது, 1930-களின் அரக்குத் தட்டுக்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று. மற்றது, 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியார் அறிமுகம் செய்த எல்.பி. இனம், நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேல். லால்குடி ஜயராமனின் பிடில் இந்த இனத்தில் இருக்கிறது. "எல்லாத் தட்டுக்கும் இது பொருந்தும்" என்று ஒரு கடைக்காரர் தந்த ஊசியை நம்பி, இரண்டையும் அதனாலேயே வாசித்து வந்தோம்.

மறுநாள் ஊசியைக் கழற்றி, திருச்சியில் நாம் பணிபுரியும் பள்ளிக்கு எடுத்துச் சென்று மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். பகீரென்றது! உருண்டையாக இருக்க வேண்டிய வைர முனை இருபுறமும் தட்டையாகத் தேய்ந்து, உளிபோல் விளிம்பு கட்டியிருந்தது. இத்தனை நாளும் நாம் தட்டைக் கேட்கவில்லை, இழைத்துக்கொண்டிருந்தோம்! வைரமானாலும் ஆயிரம் மணி நேரத்துக்குள் மாற்றிவிடுவதே நலம்.

மாற்று ஊசி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது பொருந்தும் கார்ட்ரிட்ஜின் பெயர். நம்முடையது ஷூர் எம் 75. அக்கம்பெனியார் 2018-ல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டனர். ஆயினும் ஜப்பானிய ஜிகோ நிறுவனம் மாற்று ஊசிகள் செய்கிறது. உடல் பழையதாயினும் ஊசியைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதே இந்த இனத்தின் சிறப்பு.

அடுத்தது முனையின் வடிவம். அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறக்குறைய 70 மைக்ரான் ஆரமுள்ள முனை வேண்டும். எல்.பி.க்கு 18 மைக்ரான் போதும். இந்தச் சிறு முனை அரக்குத் தட்டில் சுவர்களைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் கிடந்து புழுதியைக் கிளறும். முசிரியின் ஜலதோஷம் இதுவே!

எல்.பி.யிலும் ஒரு சங்கடம் உண்டு. ஊசி தட்டின் மையத்தை நெருங்க நெருங்க, அதன் அடியில் பள்ளம் ஓடும் வேகம் பாதிக்கும் கீழே குறைகிறது. நுண்ணிய ஒலிகள் அங்கே நெருக்கியடித்துக் கிடக்கும். உருண்டை முனையால் அவற்றுள் நுழைய இயலாது. பக்கத்தின் கடைசி உருப்படியில் பிடில் கரகரப்பது இதனால்தான். நீள்வட்ட முனை அங்கே நன்கு படியும். அதைவிடக் கூர்மையான, விலையுயர்ந்த வடிவங்களும் உண்டு. ஆனால் அவை இம்மி பிசகாமல் பொருத்தப்பட வேண்டும். நமது யந்திரமோ பழையது. அதன் கையும் கனமானது. மிக மிருதுவான தண்டுள்ள ஊசி அதன் கீழ்த் தள்ளாடும். ஆகவே ஆசையை அடக்கிக்கொண்டு, எல்.பி.க்கு ஒரு நீள்வட்ட ஊசியும், அரக்குத் தட்டுக்கு ஓர் அகல ஊசியும் தருவித்தோம்.

அகல ஊசியை இட்டதும் முசிரியின் குரல் தெளிந்து எழுந்தது. பழைய ஊசி கீறியது பள்ளத்தின் அடியை. புதியதோ சுவரின் நடுவில், கீறல் படாத இடத்தில் ஓடுகிறது. அன்னையார் பூக்கூடையை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

லால்குடியின் தட்டு அவ்வளவு பாக்கியம் செய்யவில்லை. அதன் கடைசி உருப்படியில் கரகரப்பு பாதி தணிந்தது. இழைபட்ட மீதி இனி எந்த ஊசிக்கும் திரும்பாது. வீட்டில் பழைய தட்டு வைத்திருக்கும் நேயர்கள், அடுத்த தட்டை இடுவதற்கு முன் ஊசி முனையை ஒருமுறை பார்த்துவிடுவார்களாக! ஊசி கடையில் கிடைக்கும். தகப்பனார் கேட்ட தட்டு கிடைக்காது.