கம்ப்யூட்டருக்குச் சாட்டை கொடுக்கலாமா?

கடலூரிலும் சிதம்பரத்திலும் பிள்ளைகள் படிக்கும் வீடுகள் பலவற்றில், கூடத்து மூலையிலோ மாடி அறையிலோ ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் இடம் பிடித்துக்கொண்டு வெகுகாலமாகிவிட்டது. வாங்கிய புதிதில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு ஆயுத பூஜை செய்கிறோம். மூன்று வருஷம் கழிந்ததும் அதே யந்திரம் ஆமை போல் நகர்வதாகத் தோன்றுகிறது. அப்போதுதான் வீட்டுப் பிள்ளையாண்டான் ஒரு யோசனையுடன் வந்து நிற்கிறான்: "அப்பா, புதிது வாங்கவேண்டாம், இதையே ஓவர்க்ளாக் செய்துவிட்டால் பறக்கும்!" தகப்பனாருக்கு அந்தச் சொல்லின் பொருள் விளங்குவதில்லை, பணம் மிச்சமாகும் என்பது மட்டும் விளங்குகிறது. அத்தகைய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதத் துணிகிறோம்.

முதலில் விஷயம் இன்னதென்று பார்ப்போம். கம்ப்யூட்டரின் மூளையாகிய ப்ராஸஸர், தாளம் தவறாத ஒரு துடிப்புக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. 1971-ல் இன்டெல் கம்பெனியார் வெளியிட்ட 4004 என்னும் சிப், விநாடிக்குச் சுமார் 7,40,000 முறை துடித்தது. இன்றைய சிப்புகள் விநாடிக்கு 400 கோடி, 500 கோடி முறை துடிக்கின்றன; இதையே 4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்கிறோம். செய்தவர் நிர்ணயித்த இந்தத் தாளத்தை, வாங்கியவர் தம் கையால் துரிதப்படுத்துவதுதான் ஓவர்க்ளாக்கிங். ஜதை மாடு பூட்டிய வண்டிக்காரன் தார்க்குச்சியை எடுப்பதற்கு ஒப்பான காரியம் இது.

இப்படித் துரிதப்படுத்த இடம் எங்கிருந்து வருகிறது? ஒரே அடுப்பில் ஒரே மாவில் சுட்ட அப்பங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை அல்லவா? ஒரே சிலிக்கன் வட்டில் பிறந்த சிப்புகளும் அப்படியே. சில வலியவை, சில சோனியானவை. எந்த வீட்டில், எந்தப் பருவத்தில் ஓடினாலும் பல வருஷம் பழுதின்றி உழைக்கவேண்டும் என்பதற்காக, உற்பத்தியாளர்கள் சற்று அடக்கமான வேகத்தையே பெட்டியின்மேல் அச்சிடுகிறார்கள். அந்த அடக்கத்தில் மறைந்திருக்கும் மிச்சத்தைச் சுரண்டி எடுப்பதே இந்தக் கலை. 1998-ல் வந்த செலரான் 300ஏ இதில் பெரும் புகழ் பெற்றது. 66 மெகாஹெர்ட்ஸ் அடித்துடிப்பை 4.5 மடங்காக்கி 300-ல் ஓடவேண்டிய அந்தச் சிப், அடித்துடிப்பை 100 ஆக்கியதும் பலருடைய யந்திரங்களில் 450-ல் சாதுவாக ஓடிற்று. இனாமாக ஐம்பது சதவிகித வேகம் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தப் பொற்காலம் இப்போது மலையேறிவிட்டது. 2008-ல் இன்டெல் கொண்டுவந்த டர்போ பூஸ்ட் முதற்கொண்டு, சிப்பே தன் உஷ்ணத்தையும் மின்சாரத்தையும் அளந்து பார்த்து, இடமிருக்கும்போது தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஏ.எம்.டி. கம்பெனியின் ரைஸன் சிப்புகளும் அவ்வாறே. முன்பு நமக்கென்று விட்டுவைத்த மிச்சத்தை இன்று உற்பத்தியாளரே பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிடுகிறார். அவர்களுங்கூட எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சரித்திரமே சாட்சி. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேஜைச் சிப்புகள் பல, காரணம் தெரியாமல் தடுமாறின. சிப்புக்குத் தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜ் சென்றதே காரணம் என்று 2024 ஜூலையில் அந்தக் கம்பெனியே அறிவித்து, பரிகாரமும் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்புகளை அந்தப் பரிகாரத்தால் குணப்படுத்த முடியவில்லை. நிபுணர்களுக்கே கை தவறும் இடம் இது என்பதை நினைவில் வைப்போம்.

இனி, நம் ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு வருவோம். பள்ளியில் பௌதிகம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும். சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தைப் பத்து சதவிகிதமும், அதைத் தாங்க வோல்டேஜைப் பத்து சதவிகிதமும் கூட்டினால், 1.1-ஐ மூன்று முறை பெருக்கி 1.33 வருகிறது. அதாவது, லாபம் பத்து, உஷ்ணம் முப்பத்துமூன்று! 65 வாட் சிப், சுமார் 86 வாட் அடுப்பாகிறது.

அந்த உஷ்ணம் எங்கே போகும்? அறையின் காற்றில்தான் போகவேண்டும். குளிர்ந்த தேசத்தில் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவர் எழுதிய குறிப்பைப் பார்த்து நம் பிள்ளைகள் செய்கிறார்கள். அவர் அறையில் சிப் காற்றைவிட 55 டிகிரி மிகுந்து, 76-ல் நிற்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் மஞ்சக்குப்பத்து மாடி அறை 38 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே சிப் 93-ஐத் தொடும். 95, 100 டிகிரி என்று சிப்புக்கு விதித்த எல்லை நெருங்கியதும், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாட்டையடி பட்ட மாடு நடுவழியில் படுத்துக்கொள்ளும் கதைதான்! மார்கழியில் வெற்றி, சித்திரையில் தோல்வி.

உஷ்ணத்தோடு நின்றதா? கடலூர்க் கரையோரத்து உப்புக்காற்று, ஜன்னல் கம்பியைத் தின்பதுபோல் உலோகப் பாகங்களையும் மெல்ல அரிக்கும். தெருப்புழுதி ஈரத்துடன் சேர்ந்து விசிறியிலும் குளிர்விக்கும் தகடுகளிலும் கம்பளம் விரிக்கும். மின்சாரத்தின் கதையோ தனிக் கதை. நெய்வேலியில் மின்சாரம் பிறப்பது நம் ஜில்லாவின் பெருமை. ஆயினும் நம் தெருவிளக்கு கண் சிமிட்டுவதை அது நிறுத்திவிடவில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின், இந்த ஜில்லாவில் பல நாட்கள் மின்சாரமின்றித் தவித்த ஊர்கள் அநேகம். போன மின்சாரம் திரும்பி வரும் வேளையிலே எகிறும் வோல்டேஜ், எல்லைக்கோட்டில் ஓடும் யந்திரத்துக்குப் பெரும் பகை.

கடையில் முழுதாக வாங்கிய பெட்டிக்கு இன்னும் சில தடைகள் உண்டு. இன்டெல் வகையில், பெயரின் இறுதியில் 'கே' என்னும் எழுத்துள்ள சிப்பும், 'இஸட்' வரிசை மதர்போர்டும் சேர்ந்திருந்தால்தான் வேகத்தை மாற்ற முடியும். ரைஸன் வகையில் பெரும்பாலான சிப்புகள் பூட்டற்றவை. ஆனால் 'பி' அல்லது 'எக்ஸ்' வரிசை போர்டு வேண்டும், 'ஏ' வரிசை உதவாது. இவையெல்லாம் பொருந்தினாலும், பெரிய கம்பெனிகளின் சாதாரணப் பெட்டிகளில் இதற்கான பயாஸ் பக்கமே பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் பவர் ஸப்ளை, பெட்டி வந்த நிலைக்கு மட்டும் போதுமானதாகவே இருக்கும். யாரோ திருத்திக் கொடுத்த பயாஸை ஏற்றிப் பூட்டை உடைக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அவரைத் தூர இருந்தே வணங்கிவிட வேண்டியது. பாதியில் மின்சாரம் போனால் போர்டே கல்லாகிவிடும்.

தடை ஏதுமில்லாத யந்திரம். செய்துதான் பார்ப்பேன் என்கிற உறுதி. அப்படியானால் செய்யவேண்டிய முறை இது.

முதலாவது, குடும்பத்தின் போட்டோக்கள், கணக்குகள், பாடக் குறிப்புகள் யாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றிவைக்கவும். இரண்டாவது, தூசு தட்டி, ப்ராஸஸர்மேல் உலர்ந்துபோன பசையை மாற்றி, நல்ல கூலர் பொருத்தவும். ஸர்வீஸ் செய்த யு.பி.எஸ்.ஸும், சரியான எர்த் இணைப்பும் இருக்கவேண்டும். மூன்றாவது, எதையும் மாற்றுமுன் ஒரு பிற்பகலில் ப்ரைம்95 போன்ற கடினப் பரீட்சையை அரைமணி நேரம் ஓட்டி, உஷ்ணத்தைக் குறித்துக்கொள்ளவும். அப்போதே 85 டிகிரியைத் தாண்டினால் அத்துடன் நிறுத்திவிடுவது உத்தமம்.

நான்காவது, பெருக்கு எண்ணை மட்டும் ஒரு படி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ், உயர்த்தவும். அடித்துடிப்பைத் தொடக்கூடாது, அது கூடவே மற்ற உறுப்புகளையும் இழுத்துச் செல்லும். ஒவ்வொரு படியிலும் அரைமணிப் பரீட்சை வேண்டும். தடுமாற்றம் கண்ட இடத்திலிருந்து ஒரு படி இறங்கி நின்றுகொள்ளவும். இன்னும் வேண்டுமென்று வோல்டேஜை உயர்த்துவது குடும்ப யந்திரத்தில் வேண்டாம். ஐந்தாவது, முடிவான வேகத்தில் ஓர் இரவு முழுவதும் பரீட்சை ஓட்டி, ஒரு கணக்குப் பிழைகூட இல்லையென்று உறுதி செய்யவேண்டும். மெமரியின் வேகத்தை மாற்றியிருந்தால் மெம்டெஸ்ட்86-ம் அவசியம். யந்திரம் கண் விழிக்காமல் போனால் பதற்றம் வேண்டாம்; மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டிலுள்ள காசு போன்ற பாட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் பழைய அமைப்புக்குத் திரும்பும். சித்திரை பிறந்ததும் எல்லாப் பரீட்சைகளையும் மறுபடி நடத்தவேண்டும்.

யந்திரம் நின்றுவிடுவதைக்கூட நாம் பெரிய ஆபத்தாகக் கருதவில்லை. நிற்காமல், தப்பாகக் கணக்கிட்டுக்கொண்டே ஓடுவதுதான் ஆபத்து. ஓர் எண் மாறிய கணக்கு, பாதி கெட்ட போட்டோ, திறக்க மறுக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை: இவற்றைப் பல மாதம் கழித்தே காண்போம். அண்ணாமலை சர்வகலாசாலைக்குச் சமர்ப்பிக்கவேண்டிய ஆய்வேட்டை அதில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு, பத்து சதவிகித வேகத்தால் என்ன லாபம்? அவளுக்கு நஷ்டம் வந்தால் அதைக் கட்டிக்கொடுப்பவர் யார்? உத்தரவாதச் சீட்டும் அப்போது துணைக்கு வராது. வேகத்தை மாற்றியதால் வந்த பழுதுக்குச் சிப் கம்பெனிகள் பொறுப்பேற்பதில்லை.

லாபத்தையும் கணக்கிட்டே பார்த்துவிடுவோம். 100 நிமிஷம் பிடிக்கும் ஒரு வேலையில் 60 நிமிஷம் ப்ராஸஸருடையது, 40 நிமிஷம் பழைய சுழலும் டிஸ்குக்காகக் காத்திருப்பது என்று கொள்வோம். ப்ராஸஸரைப் பத்து சதவிகிதம் விரட்டினால் 60 என்பது 54½ ஆகி, வேலை 94½ நிமிஷத்தில் முடிகிறது. டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தி, காத்திருப்பது ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் 68 நிமிஷத்தில் முடிகிறது. எங்கே நெருக்கடியோ அங்கே வழி விடவேண்டும் என்கிற இந்தத் தத்துவத்தை ஜீன் அம்டால் என்னும் அமெரிக்க நிபுணர் 1967-லேயே எடுத்துச் சொன்னார். ஆகவே, மூன்று வருஷத்துக் கம்ப்யூட்டர் தூங்கி வழிந்தால், முதலில் தூசு தட்டுங்கள், பிறகு எஸ்.எஸ்.டி.; பிறகு மெமரி. பெரும்பாலும் நோய் அதற்குள் தீர்ந்துவிடும்.

இதனால் பிள்ளைகளின் ஆர்வத்தைக் கிள்ளி எறியச் சொல்கிறோம் என்று எண்ணவேண்டாம். உஷ்ணமும் மின்சாரமும் பரீட்சைத்தாளை விட்டிறங்கி அவர்கள் கையில் வந்து நிற்கும் தருணம் அது. எங்கள் போன்ற உபாத்தியாயர்களின் சாக்பீஸ் அத்தனை நன்றாகக் கற்பிப்பதில்லை. ஒருவரும் சீண்டாத பழைய யந்திரம் ஒன்று, பூட்டற்ற சிப்புடன் பரணில் கிடந்தால், அதை இறக்கிக் கொடுங்கள். படிப்படியாக வேகத்தையும் உஷ்ணத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அது கெட்டாலும் ஒரு பாடம் மிச்சமாகும். குடும்பத்தார் அனைவரும் நம்பியிருக்கும் யந்திரத்தை மட்டும், அதைச் செய்தவர் சொன்ன நடையிலேயே நடக்க விடுங்கள்.