கால்பந்தும் நடுவர் நெறியும்

பந்து ஒன்றும், அதனை உதைத்து ஓட இளைஞர் சிலரும், பரந்த வெளி ஒன்றும் இருப்பின் ஓட்டமும் ஆரவாரமும் உண்டாகும், கால்பந்தாட்டம் உண்டாகாது. இது செய்யலாம், இது செய்யலாகாது என்னும் வரம்பு பிறந்த பின்னரே ஆட்டம் பிறக்கின்றது. 1863ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து விடுதி ஒன்றில் கூடிய கழகப் பேராளர்கள், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் முதல் விதிகளை எழுத்தில் வடித்தனர். அவ்விதிகளை இன்று எடுத்துப் படிப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. அவற்றுள் நடுவர் என்பவரைப் பற்றிய பேச்சே இல்லை! ஆடுவோர் அனைவரும் கண்ணியம் உடையோர்; தவறு நேரின் அணித்தலைவர் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வர் என்று அக்காலத்தார் நம்பினர்.

அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. கோப்பைகளும் பரிசுகளும் தோன்றின. ஆயிரக்கணக்கானோர் கட்டணம் கொடுத்து ஆட்டம் காண வந்தனர். வெற்றியின் விலை உயர்ந்தது. விலை உயர உயர வழக்கும் மிகுவது இயல்பன்றோ? ஆகவே ஒவ்வோர் அணியும் தன் சார்பில் தீர்ப்பாளர் ஒருவரை நிறுத்திற்று. அவ்விருவரும் முரண்பட்டபோது, களத்திற்கு வெளியே நின்ற மூன்றாமவர் ஒருவரிடம் வழக்கு ஒப்படைக்கப்பட்டது. ‘ரெஃபரி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு, ‘வழக்கு யாரிடம் ஒப்படைக்கப்படுகின்றதோ அவர்’ என்பதே பொருள். 1891இல் அம்மூன்றாமவர் களத்தினுள் வந்து நின்றார். மற்றை இருவரும் கொடி ஏந்தி எல்லைக் கோட்டிற்குச் சென்றனர். அதே ஆண்டில் பெனால்டி உதையும் விதியாயிற்று. அதனை முன்மொழிந்தவர் அயர்லாந்தில் மில்ஃபோர்டு என்னும் சிற்றூர் அணியின் கோல்காவலராகிய வில்லியம் மெக்ரம் என்பவர். காவலர் ஒருவரே காவலர் அனைவருக்கும் தொல்லை தரும் விதியொன்றை வேண்டினார் என்பது எண்ணி மகிழத்தக்கது. கனவான்கள் வேண்டுமென்றே தவறு இழைப்பரோ என்று சிலர் சினந்துகொண்டனர் என்பதும் உண்மை.

விதிகளை மாற்றும் உரிமை, 1886இல் தோன்றிய பன்னாட்டுக் கால்பந்து விதிக் குழுவிடம் உள்ளது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு நாட்டுச் சங்கங்களுக்கும் அதில் ஆளுக்கொரு வாக்கு; உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபாவிற்கு நான்கு வாக்குகள். எட்டனுள் ஆறேனும் சேர்ந்தாலன்றி ஒரு விதியும் மாறாது. இத்துணைத் தடை வேண்டுமோ எனின், வேண்டும் என்றே கூறல் வேண்டும். விதியில் ஒரு சொல் மாறினும் ஆட்டத்தின் உருவமே மாறிவிடக்கூடும்.

இதற்கு 1925ஆம் ஆண்டின் நிகழ்ச்சியே தக்க சான்று. தன் தோழன் பந்தை முன்னே அனுப்பும்பொழுது, அதனைப் பெற விரைபவனுக்கும் எதிரணியின் கோல்கோட்டிற்கும் இடையில் எதிரிகள் மூவரேனும் இருத்தல் வேண்டும் என்பது அந்நாளைய ஆஃப்சைடு விதி. கோலுக்கு அருகில் சோம்பி நின்று பந்துக்குக் காத்திருப்போரைத் தடுக்கவே அது வகுக்கப்பட்டது. ஆயின் காலப்போக்கில் தற்காப்போர் அதனையே கண்ணியாக்கிக் கொண்டனர். காவலரையும் பின்னாட்டக்காரர் ஒருவரையும் பின்னே நிறுத்திவிட்டு, மற்றொருவர் தக்க நொடியில் நாலடி முன்னே நகர்வார். தாக்க வந்தவர் அக்கணமே ஆஃப்சைடில் அகப்படுவார். நடுவர் ஊதல் ஒலிக்கும். நியூகாசில் யுனைடெட் அணியின் பில் மெக்ராக்கன் இவ்வித்தையில் பெரும்பெயர் பெற்றவர். பந்து களத்தின் நடுப்பகுதியைவிட்டு நகராமலே பொழுது கழிந்தது. காண வந்தோர் சலித்தனர்.

1925இல் விதிக் குழு செய்த மாற்றம் மிகச் சிறியது. ‘மூவர்’ என்பதை ‘இருவர்’ என்றாக்கிற்று, அவ்வளவே. 1924–25 ஆம் பருவத்தில் இங்கிலாந்தின் முதற்பிரிவு ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த பருவத்தில், அதே எண்ணிக்கையுள்ள ஆட்டங்களில், 1,703 கோல்கள் விழுந்தன! தற்காப்போர் திகைத்தனர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் ஆர்சனல் அணி நியூகாசிலிடம் ஏழு கோல்கள் வாங்கி, ஒன்றும் போடாது தோற்றது. அத்தோல்விக்குப் பின், மூத்த ஆட்டக்காரர் சார்லி பக்கன் வற்புறுத்த, பயிற்றுநர் ஹெர்பர்ட் சாப்மன் ஒரு புதுமை செய்தார். நடுக்களத்தில் விருப்பம்போல் உலவிவந்த நடு ஆட்டக்காரரைப் பின்னே இழுத்து, பின்னாட்டக்காரர் இருவர்க்கும் இடையில் நிறுத்தினார். இவ்வாறு பிறந்த ‘மூவர் காப்பு’ ஆர்சனலுக்கு 1930களில் வரிசையாக வெற்றிகளைத் தேடித்தந்தது. பல நாட்டு அணிகளும் அதனைப் பின்பற்றின. கோல்களைப் பெருக்க வந்த விதி, புதியதொரு தற்காப்பு முறைக்கும் தாயாயிற்று.

விதி ஆடுவோர்க்கு மட்டும் உரியதன்று; காண்போர்க்கும் உரியது. 1966 ஜூலை 23 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் உலகக் கோப்பைக் காலிறுதியில் மோதின. மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன், அர்ஜென்டினத் தலைவர் ராத்தினை வெளியேறப் பணித்தார். இவர் பேசியது ஜெர்மன்; அவர் பேசியது ஸ்பானியம். ராத்தின் களத்தைவிட்டு அகலப் பல நிமிடங்கள் ஆயின. இங்கிலாந்து வீரர் ஜாக் சார்ல்டனோ, தம் பெயரும் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறியிருந்ததை ஆட்டம் முடிந்தபின் செய்தித்தாள் வாயிலாகவே அறிந்தார் என்பர். ஆடியவர்க்கே விளங்காத தீர்ப்பு, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த இரசிகருக்கு எங்ஙனம் விளங்கும்?

அப்போட்டியின் நடுவர்களுக்குப் பொறுப்பாளராயிருந்த கென் ஆஸ்டன், காரில் வீடு திரும்பும் வழியில் போக்குவரத்து விளக்கைக் கண்டார். மஞ்சள் எச்சரித்தது, சிவப்பு நிறுத்தியது. எம்மொழியினர்க்கும் அது விளங்கிற்று. அவ்விரு நிறங்களே 1970இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகளாக நடுவர் கையில் ஏறின. தண்டனை அன்றுமுதல் நூறாயிரம் பேர்க்கும் ஒரே நொடியில் புலனாயிற்று. கால்பந்து விதிகளுள் இத்துணை எளியதும் இத்துணைப் பயனுடையதும் வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

காலத்தை வீணாக்குதல் பழையதொரு நோய். 1992இல், தன் அணியினர் காலால் அனுப்பும் பந்தைக் காவலர் கையால் எடுத்தல் ஆகாது என்று விதித்தனர். அதுமுதல் காவலரும் காலாட்டம் பயின்றாக வேண்டியதாயிற்று. பந்தைக் கையில் வைத்திருக்கும் காலம் ஆறு நொடி என ஏட்டில் இருந்தும், நடுவர்கள் பெரும்பாலும் அதனைக் கண்டுகொள்ளவில்லை. தண்டனையாகிய மறைமுகத் தனியுதையைக் கோலுக்கு அண்மையில் வழங்க அவர்கள் தயங்கினர். 2025இல் அதனை எட்டு நொடியாக்கி, மீறினால் எதிரணிக்கு மூலை உதை என்றனர். கடைசி ஐந்து நொடிகளை நடுவர் கை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். தண்டனை சிறிதானால் அது வழங்கப்படும் என்பதே இம்மாற்றத்தின் கருத்து.

இவை யாவற்றினும் பெரிய மாற்றம் 2018இல் வந்தது. ஒளிப்படப் பதிவுகளைக் கண்டு களநடுவர்க்கு உதவும் துணை நடுவரை விதி ஏற்றுக்கொண்டது. கோல், பெனால்டி, நேர்ச் சிவப்பு அட்டை, ஒருவர்க்கு மாறாக மற்றொருவரைத் தண்டித்தல் ஆகிய நான்கில் மட்டும், அதுவும் தெளிவான பிழை நேர்ந்தாலே அவர் தலையிடலாம் என்பது அன்றைய வரையறை. இதன் நன்மையை மறுத்தற்கில்லை. 1986இல் மாரடோனா கையால் தட்டிய பந்து கோலாயிற்று. 2010இல் இங்கிலாந்தின் லாம்பார்டு உதைத்த பந்து கோட்டைத் தாண்டியும் கோலாகவில்லை. 2022 உலகக் கோப்பையிலோ, ஜப்பானியர் மித்தோமா திருப்பி அனுப்பிய பந்து எல்லையைக் கடந்துவிட்டதென்றே பலர் கண்ணுக்கும் தோன்றியது. பதிவுகளை ஆராய்ந்தபோது அதன் விளிம்பு கோட்டின்மேல் நின்றது தெரிந்தது. அதனால் பெற்ற கோலால் ஜப்பான் ஸ்பெயினை 2–1 என வென்றது. ஜெர்மனி போட்டியிலிருந்து வெளியேறிற்று. ஊனக்கண்ணால் அத்தீர்ப்பை அளித்தல் அரிது.

ஆயினும் இந்நேர்மைக்கு இரசிகர் ஒரு விலை கொடுக்கின்றனர். 2024 ஏப்ரல் 21 அன்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. இரண்டாம் நிலைப் பிரிவைச் சேர்ந்த கவன்ட்ரி சிட்டி, புகழ்மிக்க மான்செஸ்டர் யுனைடெட்டிடம் மூன்று கோல்கள் பின்தங்கியிருந்தது. பின்னர் மூன்றையும் ஈடுசெய்தது. கூடுதல் நேரத்தின் இறுதிக் கணத்தில் நான்காவது கோலையும் போட்டது! முதியோரும் சிறுவரும் தழுவிக்கொண்டு அழுதனர். சிறிது நேரத்தில் அறிவிப்பு வந்தது: தாக்க ஓடியவரின் கால்விரல் அளவே ஆஃப்சைடு, கோல் இல்லை. பெனால்டி உதைகளில் கவன்ட்ரி தோற்றது. விதிப்படி தீர்ப்புச் சரியே. எனினும் அழுது மகிழ்ந்த அந்த இரண்டு நிமிடங்களை அவர்களுக்கு எவ்விதியும் ஈடுசெய்யவில்லை. அரங்கில் இருப்போர் இப்பொழுதெல்லாம் கோல் விழுந்ததும் குதிக்கத் தயங்கி, நடுவர் விரல் காதருகே செல்கின்றதா என்று நோக்குகின்றனர். வீட்டில் படக்கருவியின் முன் அமர்ந்திருப்பவர்க்குக் காரணம் தெரிகின்றது; பணம் கொடுத்து அரங்கிற்கு வந்தவர்க்குத் தெரிவதில்லை. கென் ஆஸ்டனின் அட்டைகள் போக்கிய குறை வேறு வடிவில் மீண்டுவிட்டது.

இதனை உணர்ந்தே, 2023இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் ஒலிபெருக்கி வழியே தம் தீர்ப்பையும் காரணத்தையும் அரங்கினர்க்கு அறிவித்தனர். பல கருவிகளுக்குச் செலவிட இயலாத போட்டிகளுக்கென எளிய முறையொன்றும் 2024இல் சோதிக்கப்பட்டது. அதில் பயிற்றுநரே ஓர் ஆட்டத்தில் இருமுறை மறுபார்வை கோரலாம்.

இரசிகரின் குரல் எந்நாட்டிலும் ஒரே அளவில் ஒலிப்பதில்லை. 2024 ஜூனில் இம்முறையைக் கைவிட வேண்டும் என உல்வர்ஹாம்ப்டன் கழகம் கொண்டுவந்த தீர்மானத்தை, இங்கிலாந்தின் முதற்பிரிவுக் கழகங்கள் 19–1 எனத் தள்ளின. சுவீடனிலோ கழக வாக்குகளுள் பெரும்பான்மை உறுப்பினராகிய இரசிகர் கையில் உள்ளது. அந்நாட்டுக் கழகங்கள் இம்முறையை ஏற்க மறுத்தன. நார்வே நாட்டில் 2024 ஜூலையில் ரோசன்போர்க் அணிக்கும் லில்லஸ்ட்ரோம் அணிக்கும் நடந்த ஆட்டத்தின்போது, சினந்த இரசிகர் மீன் வடைகளையும் டென்னிஸ் பந்துகளையும் களத்தில் வீசினர். ஆட்டம் இடையில் கைவிடப்பட்டது. பின்னர் அந்நாட்டுக் கழகங்களுள் பெரும்பாலானவை இம்முறையை நீக்குமாறு பரிந்துரைத்தன. 2025 மார்ச்சில் கூடிய நார்வே கால்பந்துச் சங்கத்தின் பேரவை, நெடிய விவாதத்திற்குப் பின் வாக்கெடுத்து, அது தொடர்வதென முடிவு செய்தது.