திரை நிறையச் சன்னல்கள்!

“சார், ஒரு கோப்பைத் தேடினேன், திரை நிறையச் சன்னல்கள்! ஏன்?” திருவான்மியூர் மாணவி ஒருத்தி கேட்டாள். அவளுடைய பழைய கணிப்பொறியில் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளிவந்த ‘பாஸ்’ லினக்ஸின் தொடக்கப் பதிப்பு. அதன் திரையமைப்பு ‘க்னோம் 2’.

மேசை மேல் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இடம் உண்டல்லவா? அதுபோல ஒவ்வொரு கோப்புறைக்கும் தனிச் சன்னல். மூடித் திறந்தாலும் அதே இடம், அதே அளவு. 2004-இல் க்னோம் 2.6 கொண்டுவந்த முறை இது. ஆனால் ஐந்து படி உள்ளே போனால் ஐந்து சன்னல்கள்! நினைவகமும் செலவாகும்.

மாற்றுவது எளிது. கோப்புறைச் சன்னலில் ‘எடிட்’, ‘பிரிஃபரன்சஸ்’, ‘பிஹேவியர்’ என்று சென்று, எப்போதும் உலாவிச் சன்னலில் திறக்கும்படி குறியிடுங்கள். கோப்புறைகள் ஒரே சன்னலில் மாறி மாறி வரும். கோப்புகளை இடம் மாற்றும்போது மட்டும் இரண்டு சன்னல்களை அருகருகே திறந்துகொள்ளுங்கள்!