பொட்டிபுரத்தில் முதலில் சோதித்திருக்க வேண்டியது

போடி மேற்கு மலையில், பொட்டிபுரம் அருகே, ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை மூடிய குகையில் சுமார் 50,000 டன் இரும்புக் காந்தக் கருவியை வைத்து நியூட்ரினோக்களை ஆராய்வதே இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கருவி விஷயத்தில் விஞ்ஞானிகள் காட்டிய நிதானம் போற்றத்தக்கது. இரும்பு அடுக்குகளைக் காந்தமாக்கி, இடையே உணர்கருவிகளை இடைவிடாமல் இயக்க முடியுமா என்பதை ஊகத்துக்கு விடாமல், 85 டன்னில் சிறு மாதிரியை மதுரையில் கட்டி, காஸ்மிக் கதிர்களைக் கொண்டு சோதித்தார்கள்.

இந்த இடம் ஏற்கப்படும் என்ற அனுமானத்துக்கு அப்படியொரு சோதனை நடக்கவில்லை. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது: முன்பு தேர்ந்திருந்த நீலகிரியின் சிங்காரா, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் கைநழுவியது. பொட்டிபுரத்துக்கும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அருகில்தான். 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2022-இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. நியூட்ரினோ தீங்கற்றது, அச்சம் வீண் என்பார்கள். தீங்கற்றது என்பது உண்மை. அவை நொடிதோறும் கோடானுகோடியாக நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. ஆனால் குகை தோண்டும்போது நேரும் பாறைவெடிப்பும் மலையின் நீரூற்றும் பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது. எல்லோரையும் கேட்டால் அறிவியல் நகராது என்ற மறுப்பும் உண்டு. ஊர்மக்களோடு கூட்டங்கள் நடக்காமலில்லை, ஆனால் தேர்ந்துவிட்ட இடத்தை விளக்குவது வேறு, வேண்டாமென்றால் விட்டுவிடும் மனத்தோடு இடம் தேடும்போதே கேட்பது வேறு. இரண்டாவதற்கு ஆகும் செலவு அந்த 85 டன் மாதிரியைவிட மிகக் குறைவு.