பில்லை முழுசா கட்டியும் சிபில் ஸ்கோர் ஏன் குறையுது?

சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் 10-ம் தேதி 80,000 ரூபாய்க்கு கிரெடிட் கார்டில் லேப்டாப் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிமிட் 1 லட்சம். 20-ம் தேதி பில் வருகிறது. கடைசி தேதியான அடுத்த மாதம் 8-ம் தேதிக்குள் பைசா பாக்கியில்லாமல் கட்டிவிடுகிறீர்கள். தப்பே இல்லை. ஆனால், அந்த மாதக் கடைசியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால், லிமிட்டில் 80 சதவீதத்தைத் தீர்த்தவர் என்றுதான் உங்கள் ரிப்போர்ட் காட்டும். ஸ்கோரும் இறங்கியிருக்கலாம்.

காரணம், நீங்கள் பணம் கட்டும் தேதி வேறு, வங்கி கணக்கெடுக்கும் தேதி வேறு. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஜனவரி 1 முதல், மாதத்தின் 15-ம் தேதி நிலவரத்தையும் கடைசி நாள் நிலவரத்தையும் வங்கிகள் கிரெடிட் பீரோக்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்ப 7 நாள், பீரோ அதைப் பதிவேற்ற 5 நாள் அவகாசம். முன்பு மாதம் ஒருமுறைதான். ஆக, லேப்டாப் பாக்கி இரண்டு தடவை போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் கட்டியது அடுத்த 15-ம் தேதி கணக்கில்தான் ஏறும்.

கடன் வாங்கும் யோசனை இருந்தா, பில் வரட்டும்னு காத்திருக்காதீங்க. 15-க்கு முன்னாடியே ஆப்பில் கட்டிடுங்க.

'சிபில்' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது நான்கு பீரோக்களில் ஒன்றுதான். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகியவையும் உண்டு. எந்தக் கடையில் என்ன வாங்கினீர்கள் என்பது இவற்றுக்குத் தெரியாது. லிமிட், பாக்கி, எத்தனை நாள் தாமதம், இவைதான் போகும்.

தாமதத்தில் ஒரு சலுகை இருக்கிறது. கடைசி தேதி தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் கார்டு கணக்கைத் தாமதம் என்று பீரோவுக்குச் சொல்லலாம். ஆனால், சொல்லும்போது கடைசி தேதியிலிருந்தே நாட்களை எண்ணுவார்கள். மினிமம் டியூ மட்டும் கட்டினால் தாமத முத்திரை விழாது. பாக்கியும் வட்டியும் அப்படியே நிற்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பீரோவிலும் முழு ரிப்போர்ட் இலவசம். கட்டிய பணம் பாக்கியாகவே தெரிந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்கவில்லை என்றால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். வங்கி திருத்தம் அனுப்ப 21 நாள் தாண்டினால் வங்கி தர வேண்டும். அது சரியாக அனுப்பியும் இழுத்தடித்தால் பீரோ தர வேண்டும். புகார் கொடுத்த தேதிக்கு ஆதாரமாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.