இரண்டு கண்கள், ஒரே காட்சி

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். இடக் கண்ணை மூடி வலக் கண்ணால் விரலைப் பாருங்கள். அடுத்து வலக் கண்ணை மூடி இடக் கண்ணால் பாருங்கள். பின்னாலுள்ள சுவரில் விரல் இடம் மாறித் தாவுகிறது அல்லவா? கண்கள் இரண்டும் ஏறக்குறைய 6 செ.மீ. இடைவெளியில் இருப்பதால், ஒவ்வொன்றும் சற்றே வேறான காட்சியைக் காண்கிறது. மூளை அவ்விரண்டையும் ஒன்றாக்குகிறது; அவற்றின் சிறு வேறுபாட்டைக் கொண்டே பொருள்களின் தொலைவை உணர்கிறது. இதை 1838-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார்.

இத்திறன் பிறக்கும்போதே உண்டா? இல்லையெனில் எப்போது வருகிறது? பேசத் தெரியாத குழந்தையைக் கேட்க முடியாது. அது கிலுகிலுப்பையை எட்டிப் பிடிப்பதை வைத்தும் முடிவு செய்ய இயலாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீங்களும் மேசைமேல் உள்ள பந்தை எடுத்துவிடலாமே! ஆகவே, இரு கண்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் மூளைக்கு மட்டுமே விடை தெரியும் ஒரு கேள்வி தேவைப்பட்டது.

அதற்கு வழி காட்டியவர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பேலா யூலெஸ். 1960-இல் அவர் கணிப்பொறியைக் கொண்டு வெறும் புள்ளிகளால் ஆன இணைப் படங்களை உருவாக்கினார். ஒரு கண்ணால் பார்த்தால் புள்ளிக் குவியல்தான். இரு கண்களுக்கும் தனித்தனியே ஒவ்வொரு படத்தைக் காட்டினால், நடுவே ஒரு சதுரம் மிதந்து நிற்கும்!

1980-இல் ஆலிவர் பிராடிக், ஜேனட் அட்கின்சன் ஆகியோர் யூலெஸுடன் சேர்ந்து இப்புள்ளிகளைக் குழந்தைகளுக்குக் காட்டினர். தொலைக்காட்சித் திரையில் சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் ஓயாது மாறி மின்னும். குழந்தையின் ஒரு கண்முன் சிவப்பு வடிகட்டி, மறு கண்முன் பச்சை வடிகட்டி. எனவே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு நிறப் புள்ளிகள் மட்டுமே தெரியும். சிறிது நேரம் இரு கண்களுக்கும் ஒரே கோலம் கிடைக்கும். அடுத்து, ஒரு கண்ணுக்கு ஒளிப்புள்ளி தெரியும் இடத்தில் மறு கண்ணுக்கு இருள் தெரியும். இவ்விரு நிலைகளும் ஒரு சீரான தாளத்தில் மாறி மாறி வரும். ஒற்றைக் கண்ணுக்கோ இந்த மாற்றம் தெரியவே தெரியாது. அதற்கு எப்போதும் ஒரே மினுமினுப்புத்தான்.

பார்வைக்குரிய மூளைப் பகுதி தலையின் பின்புறம் உள்ளது. அங்கே தோலின்மேல் மின்முனைகளைப் பொருத்தி, மூளை எழுப்பும் மின்குறிகளைப் பதிவு செய்தனர். குழந்தைக்கு வலியில்லை, உடலுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. குறிகள் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பங்குகளே என்பதால், பலமுறை பதிவு செய்து சராசரி காண வேண்டும். திரை மாறும் அதே தாளத்தில் மின்குறியும் ஏறி இறங்கினால், இரு கண்களின் செய்திகளும் மூளையில் ஒன்றுசேர்ந்துவிட்டன என்று பொருள்.

விடை என்ன? பிறந்தவுடன் அந்தத் தாளம் கிடைப்பதில்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் அது 3 முதல் 5 மாதத்திற்குள் தோன்றிவிடுகிறது. அதே 1980-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஹெல்டு குழுவினர் வேறு வழியில் முயன்றனர். தட்டையான படத்தையும் ஆழம் தோன்றும் படத்தையும் அருகருகே காட்டி, குழந்தை எதை விரும்பிப் பார்க்கிறது என்று கவனித்தனர். அவர்களுக்கும் ஏறக்குறைய 4 மாதம் என்ற விடையே கிடைத்தது.

இந்தக் காலக் கணக்கு ஏன் முக்கியம்? டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளின் கண்களைச் செயற்கையாக மாறுகண் ஆக்கிப் பார்த்தனர். இரு கண்களுக்கும் பொதுவாக இயங்க வேண்டிய மூளைச் செல்கள் பெரிதும் குறைந்துபோயிருந்தன. மூளையின் பார்வைப் பகுதி பற்றிய ஆய்வுகளுக்காக இவர்கள் 1981-இல் நோபெல் பரிசு பெற்றனர். இரு கண்களும் ஒரே இடத்தை நோக்கினால்தான் மூளை அவற்றை இணைக்கப் பழகும். பழகும் பருவம் தவறினால், பிறகு கண்ணை நேராக்கினாலும் முழுப் பயன் கிட்டுவது அரிது.

பிறந்த சில மாதங்கள் குழந்தையின் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பே. 4 மாதத்திற்குப் பிறகும் விலகினால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எப்போதும் விலகியே இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. மாறுகண் அதிர்ஷ்டம் என்றோ, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றோ உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், இந்தப் புள்ளிகள் சொன்ன செய்தியை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.